நிலை: ஓடுகிறது

ஆனி பதினெட்டு. ராத்திரி ரெண்டரை.
பணகுடிக்குத் தெற்கே தகரக்கூரை கண்ட்ரோல் ரூமில்
நானும் ஒரு லேப்டாப்பும்
பாதி எரிந்த கொசுவத்தியும்.
கணவாய் வழியாக வருகிற காற்று
கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறது.
வெளியே நாற்பத்திரண்டு காற்றாடிகள்.
திரையில் நாற்பத்திரண்டு பூச்சியங்கள்.

சொரிமுத்து போன் போட்டுத்தான் எழும்பினேன்.
"யக்கா, முப்பத்தேழு பேய்ச்சுத்து சுத்துது.
ஒங்க டப்பா என்ன சொல்லுது?"
காத்தே இல்லைங்குது, என்றேன்.
"வெளங்கும்."

நேற்றுவரை வெறும் மெஷினில் ஓடிய நிரல் அது.
'சேகரி' என்று பெயர்.
சாயங்காலம்தான் கண்டெய்னருக்குள் அடைத்து
பைத்தானிலிருந்தே கிளப்பிவிட்டேன்.
காவலுக்கு இன்னும் நாலு வரி:
நிமிஷத்துக்கு ஒருதரம் அதன் நிலையைக் கேள்,
நின்றுபோனால் என்னை எழுப்பு.
காவல் தூங்கவில்லை. ராமுழுக்க எழுதி வைத்திருந்தது
ஓடுகிறது
ஓடுகிறது
ஓடுகிறது
என்று ஐந்நூறு வரி.

மூன்றே காலுக்கு உறைத்தது.
காவலின் கையில் இருந்தது கண்டெய்னர் இல்லை,
ஆறு மணிக்கு எடுத்த அதன் போட்டோ.
போட்டோவிடம் ஐந்நூறு தடவை
சௌக்கியமா என்று கேட்டால்
அது சிரித்தபடிதானே இருக்கும்.

ஒரு சொல் சேர்த்தேன்: ரீலோட்.
அடைப்புக்குறி திறந்து, உள்ளே ஒன்றும் வைக்காமல்
மூடினேன்.
வெளியேறிவிட்டது, என்றது உடனே.
ஏழு இருபதுக்கு. குறியெண் நூற்று முப்பத்தேழு.

"நம்ம முப்பத்தேழுக்கு முன்னால எதுக்குக்கா நூறு?"
அது வேற முப்பத்தேழு, சொரி.
கொடுத்த மெமரி போதாமல் கெர்னல் கழுத்தைப் பிடித்த எண்.
தானாகச் சாகவில்லை.

அவசரத்தில் மறுபடி கிளப்பப் பார்த்தேன்.
'சேகரி' என்ற பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது
என்று முகத்தில் அடித்தது டாக்கர்.
செத்தும் பெயரை விடவில்லை.
அழித்திருப்பேன். விரல் பொத்தான்மேல் இருந்தது.
அழித்தால் அது கடைசியாகப் பேசியதும் போய்விடும்
என்பது நல்லவேளை ஞாபகம் வந்தது.

பேசியது ஒரே வாக்கியம். பதினோராயிரம் தடவை.
லோக்கல்ஹோஸ்ட்டில் கதவு தட்டினேன், திறக்கவில்லை.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் இங்கே.
நான் எழுதியபோது 'இங்கே' என்பது இந்த மேசை,
இந்த மெஷின், இதில் ஓடும் டேட்டாபேஸ்.
டப்பாவுக்குள் போனதும்
'இங்கே' அந்த டப்பாவின் உட்சுவர் மட்டும்.
பாவம், தன் கதவையே தட்டியிருக்கிறது.
திறக்காத ஒவ்வொரு தடவையும்
காற்றின் கணக்கை மடியில் கட்டிக்கொண்டே வந்து
மடி கிழிந்து விழுந்திருக்கிறது.
சுற்றுக்கு ஒரு வாசிப்பு.
ஏழு மணிக்குமேல் காற்று ஏறியது. அவ்வளவுதான்.

டேட்டாபேஸும் ஒரு கண்டெய்னர்தான்: 'பேரேடு'.
ரெண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து
லோக்கல்ஹோஸ்ட் இருந்த இடத்தில்
பேரேடு என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
சொன்ன மாத்திரத்தில் திறந்தது.
சேர்ந்து கிடக்கும் வாசிப்புக்கு ஓர் உச்சவரம்பு,
காவலுக்கு ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் ஒரு ரீலோட்.
ஐந்து ஐம்பதுக்கு
முப்பத்தேழு முதல் ஆளாக எழுந்து நின்றது, பச்சையில்.

வண்ணார்பேட்டை ஆபீசிலிருந்து பீர்முகம்மது சார்:
'வரைபடம் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் காற்று இல்லையா?'

என்ன எழுத?
ஆறிலிருந்து ஆறுவரை ஒரு நேர்கோடு,
ஈர்க்குச்சி மாதிரி, சுத்தமாக.
காற்றாடித் தலையில் இருக்கிற பழைய கார்டு
பத்து நிமிஷத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது.
அந்தக் காற்று வந்தது, போனது.
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

சொரிமுத்துவிடம் வாசித்துக் காட்டினேன்.
மகேந்திரகிரி பக்கமாக ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"காத்து இல்லையாமா?
அப்பம் எந்துண்ட எவன் கொண்டுபோனான்னு
அந்தச் சார்வாள்ட்ட கேளுங்க."